வந்தப்புறம் சொல்லுங்க

கம்பெனியில் அவளுக்குப் பேட்டரி என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை, ஆனால் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆஸ்பத்திரிகளில் கத்தி, கத்தரி, ஊசி வகையறாக்களைக் கொதிநீராவியில் வைத்துச் சுத்தம் செய்கிற இயந்திரங்களை விற்கும் கம்பெனி அது. விற்ற இடத்துக்குப் போய் இயந்திரத்தை ஓட்டிக் காட்டி, அங்குள்ள நர்ஸ்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவது பேட்டரியின் வேலை. விற்காத இடத்துக்குப் போய் வாங்கவைத்துவிட்டு வருவதும் அவள் வேலைதான். மாதத்தில் இருபது நாள் வெளியூர். இப்படியே பத்தொன்பது வருடம்.

ஆறு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிவிட்டு இறங்கினாலும் அப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்தது மாதிரி இருப்பாள். கூடவே வந்த இளம் இன்ஜினியர்கள் பிழிந்து உதறாத துணி மாதிரி பின்னால் இறங்குவார்கள். "அக்கா, நீங்க எங்க சார்ஜ் போடறீங்க?" என்று கேட்பார்கள். "உங்க காதுல" என்பாள்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கம்பெனி தரும் கையேட்டில் இரண்டு பக்கம் அவள் எழுதியது. 'வெளியூரில் விழுந்துவிடாமல் இருப்பது' என்று தலைப்புக் கொடுத்திருந்தாள். சேரும்போதே பயமுறுத்த வேண்டாம் என்று மேனேஜர் அதை 'பயணத்தில் உற்சாகமும் தன்னம்பிக்கையும்' என்று மாற்றினார். உள்ளே இருந்ததை மாற்றவில்லை. லாட்ஜில் அறைச் சாவி கைக்கு வந்ததும் முதல் காரியம் பெட்டியைக் காலி செய்வது. ஒரே ஒரு இரவு தங்கினாலும் துணி அலமாரியில் தொங்க வேண்டும், சீப்பு கண்ணாடிக்கு முன்னால் இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்துப் போடுகிறவன் விருந்தாளி, அலமாரியிலிருந்து எடுத்துப் போடுகிறவன் வீட்டுக்காரன். விருந்தாளிக்குக் கூச்சம் உண்டு, வீட்டுக்காரனுக்குக் கிடையாது. காலையில் கண்ணாடியைப் பார்த்து, தான் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினால் குரல் சரியான அளவில் இருக்கிறது என்று பொருள். பாதி வயிறு சாப்பாடு. கூட்டத்துக்கு அரை மணி முன்னதாகவே போய் வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுப்பது; பெரிய டாக்டர் எதற்கெல்லாம் எரிந்து விழுவார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கடைசியாக ஒன்றும் எழுதியிருந்தாள்: வழியில் இருக்கும்போது வீட்டிலிருந்து கெட்ட சேதி வாங்காதே. இது கொஞ்சம் ஈரமில்லாமல் இருக்கிறது என்று மேனேஜர் அதை மட்டும் அடித்துவிட்டார். கையேட்டில் அடிபட்டதே தவிர, அவள் வீட்டில் அதுதான் சட்டம்.

வீட்டில் கணவர் மட்டும். குழந்தை இல்லை, அதைப் பற்றி அவர்கள் இருவரையும்விட மற்றவர்கள்தான் அதிகம் பேசினார்கள். இரண்டு தெரு தள்ளி அவருக்கு ஜெராக்ஸ் கடை, கூடவே லேமினேஷன். அதனால் ஊரில் அவர் பெயரும் லேமினேஷன். அவருக்கு ஒரு குறை உண்டு, பொய் சொல்ல வராது. உத்தமர் என்பதற்காக இல்லை. சிலருக்குக் கை வளையாத மாதிரி அவருக்கு நாக்கு வளையாது, அவ்வளவுதான். சான்றிதழை நீட்டுகிற வாடிக்கையாளரிடம், "இதுல உங்க அப்பா பேர் தப்பா இருக்கே. நான் லேமினேட் பண்ணினா தப்பு நிரந்தரமாயிடும், பரவாயில்லையா?" என்று கேட்பார். பாதிப் பேர் நன்றி சொன்னார்கள். மீதிப் பேர் அடுத்த கடைக்குப் போனார்கள்.

சட்டம் பிறந்தது எட்டு வருடத்துக்கு முன்னால். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது பேர் கொண்ட குழுவின் முன்னால் இயந்திரத்தை ஓட்டிக் காட்ட நின்றுகொண்டிருந்தாள். போன் அடித்தது. "பாத்ரூம் கூரை விழுந்துடுச்சு" என்றார் லேமினேஷன். "எனக்கு ஒண்ணும் ஆகலை. நான் அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் வெளிய வந்தேன்." பேட்டரி போனை வைத்துவிட்டு ஓட்டுகிற பொத்தானுக்குப் பதிலாக நிறுத்துகிற பொத்தானை அழுத்தினாள். மூன்று தடவை. "உங்களுக்கும் மெஷினுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?" என்று பெரிய டாக்டர் கேட்க, எட்டுப் பேர் சிரித்தார்கள். ஆர்டர் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும், விழுந்த கூரைக்குக் கீழே நின்றே சொன்னாள்.

"நான் வெளியில இருக்கறப்போ எதையும் சொல்லாதீங்க. தலையே போனாலும் வந்தப்புறம் சொல்லுங்க."

"யார் தலை?"

"யார் தலையா இருந்தா என்னங்க?"

"சரி" என்றார். சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற மனிதரிடம் சட்டம் போடும்போது வக்கீலை வைத்து எழுதியிருக்க வேண்டும். கோபத்தில் இருந்ததால் அது அவளுக்குத் தோன்றவில்லை.

பொய்யும் வராது, கெட்டதும் சொல்லக் கூடாது என்றால் தினமும் காலையில் போனில் நாலு நிமிஷம் என்னதான் பேசுவது? தமிழ் கைகொடுத்தது. 'ஆச்சு' என்று முடித்தால் யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், நன்றாக முடிந்ததா என்ற எந்தத் தொல்லையும் இல்லை. சாப்பிட்டாச்சா? ஆச்சு. கடை திறந்தாச்சா? திறந்தாச்சு. கூரை? பூசியாச்சு. நாலு நிமிஷத்தில் குடும்பம் முழுவதும் ஆகிவிடும். அவளும் உற்சாகமாகக் கண்ணாடி முன்னால் போய் நிற்பாள்.

வேடிக்கை என்னவென்றால், தொழிலில் அவளுக்கு அந்த ஒரு சொல்தான் ஜென்ம விரோதி. நர்ஸ்கள் ரிஜிஸ்டரில் 'கழுவியாச்சு', 'வெச்சாச்சு' என்று எழுதினால் சிவப்பு மையால் வட்டம் போடுவாள். "ஆச்சுன்னா யாரு சிஸ்டர்? கத்தி தானா நடந்து போய்க் குளிச்சுட்டு வந்துதா? யார் பண்ணினது, எத்தனை மணிக்கு, முழுசா முடிஞ்சுதா, அதை எழுதுங்க. ஆச்சுங்கறது கிருமி ஒளிஞ்சுக்கற இடம்."

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எந்த லாட்ஜிலும் பெட்டியைக் காலி செய்யாமல் உட்காராதவள், சொந்த வீட்டில் பெட்டியைக் காலி செய்வதே இல்லை. வரும் நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும் நடுவில் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. அழுக்கை எடுத்துவிட்டுத் துவைத்ததைத் திணிப்பதோடு சரி. ஹாலில் சுவர் ஓரமாகப் பெட்டி வாயைத் திறந்தபடி கிடக்கும். பரண் மேல் அதற்கென்று இடம் உண்டு. அங்கே லேமினேஷனின் பழைய மெஷின் உட்கார்ந்திருந்தது.

போன வருடம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு காலை, லேமினேஷன் தன் பெல்ட்டில் அடையாள அட்டைக்கு ஓட்டை போடுகிற கருவியால் புதிய ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். அது இரண்டாவது ஓட்டை.

"என்னங்க, இளைச்சுட்டே போறீங்க?"

"வயிறு சரியில்லை. சாப்பிட்டா கனமா இருக்கு."

"டாக்டரைப் பாருங்க. நான் சொல்றது காதுல விழுதா? பாருங்க." சொல்லிவிட்டு ஒன்பது நாள் பயணம் கிளம்பினாள்.

இதெல்லாம் அவள் கண்ணிலேயே படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அக்கறையாகத்தான் விசாரித்தாள், ஒவ்வொரு நாளும்.

"டாக்டரைப் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு."

"டெஸ்ட் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"ரிப்போர்ட்?"

"வந்தாச்சு."

இந்த இடத்தில் அவள் கேள்வியின் அமைப்பை மாற்றினாள். "பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லையே?"

லேமினேஷன் சிறிது நேரம் யோசித்தார். அவருடைய யோசனைகளுக்கு அவள் பழகியிருந்தாள்.

"நான் பயப்படலை" என்றார்.

அது நிஜம்தான். ரிப்போர்ட்டில் வயிற்றில் கட்டி என்றும், கெட்ட வகைக் கட்டி என்றும் போட்டிருந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "வீட்ல வெளியூர் போயிருக்காங்க, வந்தப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார் லேமினேஷன். அவருக்குப் பயமில்லை. வெள்ளிக்கிழமை அவள் வந்துவிடுவாள், சொல்லிவிடலாம்.

போனை வைத்துவிட்டு அன்று காலை பேட்டரி மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பன்னிரண்டு டாக்டர்களின் முன்னால் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினாள். அவளுடைய பத்தொன்பது வருடத்தில் அதைப் போல ஒரு டெமோ இல்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். ஒன்று கேட்டவர்கள் மூன்று வாங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தாள். அவர் கதவைத் திறந்து, எப்போதும்போல, "வந்தாச்சா?" என்று கேட்டார்.

"எங்க வந்தேன்? ஞாயித்துக்கிழமை மறுபடி கிளம்பணும்" என்றாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

யாரும் சொல்கிற பேச்சு. வேறு எந்தக் கணவரும் அதை அலுப்பு என்று எடுத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருப்பார். லேமினேஷனும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டார். எங்கே வந்தாள்? இன்னும் வரவில்லை. பெட்டியைப் பார்த்தார், ஹாலில் வாயைத் திறந்தபடி கிடந்தது. வழியில் இருக்கிறாள்.

அப்படியே ஐந்து மாதம் போயிற்று.

நடுவில் அவள் பதினான்கு தடவை வீட்டுக்கு வந்தாள். பதினான்கு தடவையும் அவர் கேட்டார். "எங்க வந்தேன்", "வந்த மாதிரிதான்", "வந்தும் வராததுமா கேள்வி கேக்காதீங்க" என்று பதில்கள் மாறி மாறி வந்தன. ஒரு தடவை, "நீ முதல்ல முழுசா வா, பேசலாம்" என்றார். காதல் வசனம் என்று நினைத்து அவள் சிரித்தாள். "இந்த வயசுல" என்றாள். வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு அவர் கடைக்குப் போனார். கண்டிப்பான பெண்மணி அந்த டாக்டர், இரண்டு தடவை போன் செய்தார். "வந்துட்டே இருக்காங்க" என்றார் லேமினேஷன்.

அவருடைய தங்கை பக்கத்துத் தெருவில் இருந்தாள். அவள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. "அண்ணி ஊருக்கெல்லாம் கிருமியை ஒழிக்கறாங்க. வீட்ல எங்கண்ணன் ஒட்டடைக்குச்சி ஆயிட்டாரு."

"நாத்தனார் கண்ணுக்கு அண்ணன் கல்யாணம் ஆன அன்னைலேந்தே இளைச்சுதான் தெரியறாரு" என்றாள் பேட்டரி.

அதுவும் நிஜம். இருபத்திரண்டு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தவளின் பேச்சு, சொல்ல வேண்டிய நேரத்தில் செல்லாமல் போயிற்று. அண்ணன் தன்னிடமாவது சொல்லியிருக்கலாம் என்று தங்கை பிறகு அழுதாள். சொன்னால் அவள் வாயில் நிற்காது, அண்ணிக்கு வழியிலேயே சேதி போய்விடும் என்பது அண்ணனுக்குத் தெரியும்.

ஐந்தாவது மாதம், ஒரு புதன்கிழமை காலை, மேனேஜர் போன் செய்தார். அடுத்துப் போக வேண்டிய ஆஸ்பத்திரியில் கட்டட வேலை முடியவில்லையாம், பத்து நாள் எங்கேயும் போக வேண்டாம். பேட்டரிக்குக் கையும் காலும் ஓடவில்லை. பத்து நாள் வீட்டில் என்ன செய்வது? வீட்டைச் சுத்தம் செய்யலாம் என்று ஆரம்பித்தாள். பெட்டியைக் காலி செய்து, தட்டி, துடைத்து, ஸ்டூல் போட்டு ஏறி, பழைய லேமினேஷன் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பரண் மேல் வைத்தாள். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போன கணவர் அதை எடுக்க அப்போதுதான் உள்ளே வந்தார்.

"என்ன, பெட்டி மேல போகுது?"

"பத்து நாள் இங்கதான்."

"அப்ப வந்தாச்சா?"

"வந்தாச்சு, வந்தாச்சு. ஸ்டூலைப் பிடிங்க, ஆடுது."

அவர் பிடித்தார். ஸ்டூல் இன்னும் அதிகமாக ஆடியது. கீழே குனிந்து பார்த்தவள், அவர் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் இருக்க வேண்டிய வாட்ச் முழங்கை வரை இறங்கியிருந்தது.

"இறங்கு" என்றார். "உட்காரு. கொஞ்சம் விஷயம் இருக்கு."

பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஃபைலை எடுத்துவந்தார். ஐந்து மாதத்து ரிப்போர்ட்டுகள், தேதிவாரியாக, ஒவ்வொன்றும் லேமினேட் செய்யப்பட்டு. ஓரங்களை வட்டமாக வேறு வெட்டியிருந்தார்.

மறுநாள் டாக்டர் அவற்றில் குறிப்பு எழுதப் பார்த்தார். பேனா வழுக்கியது. "யார் இதையெல்லாம் லேமினேட் பண்ணினது?"

"நான்தான் டாக்டர். கசங்கக் கூடாதுன்னு."

டாக்டர் புதிதாக ஒரு தாளை எடுத்தார். "ஏன் இவ்வளவு நாள்?"

"இவ இப்பதான் வந்தா."

டாக்டர் பேட்டரியைப் பார்த்தார். "எந்த நாட்டுல இருந்தீங்க?"

பன்னிரண்டு டாக்டர்களின் முன்னால் குரல் நடுங்காமல் பேசுகிறவள் அந்த ஒரு டாக்டருக்கு மேசையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "இங்கதான் டாக்டர்" என்றாள்.

ஆபரேஷனுக்கான நேரம் போய்விட்டது என்றார் டாக்டர். முன்னால் வந்திருந்தால்? அதற்கு டாக்டரிடம் ஒரு வாக்கியம் இருந்தது. முன்னாடி வந்திருந்தாலும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆறுதல் வேண்டியவர்கள் அதில் ஆறுதலை எடுத்துக்கொள்ளலாம், மற்றதை வேண்டியவர்கள் மற்றதை எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி இரண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வந்ததும் கத்தினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படிக் கத்தியதில்லை.

"ஏங்க சொல்லலை? ஏன் சொல்லலை?"

"வந்தப்புறம் சொல்லுன்னு நீதான சொன்ன?"

"பதினாலு தடவை வந்தேனே!"

"ஒவ்வொரு தடவையும் கேட்டேனே. எங்க வந்தேன்னு சொன்ன."

அவர் குத்திக்காட்டவில்லை. ரிஜிஸ்டரைப் பார்த்துப் படிக்கிற குரலில்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். தன் டைரியை எடுத்து, ஒவ்வொரு ரிப்போர்ட் தேதியிலும் தான் எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டிருந்தோம் என்று பார்த்தாள். எல்லா நாளும் நல்ல நாளாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு நாளாவது பொத்தானை மாற்றி அழுத்தியிருக்கக் கூடாதா?

லீவு போட்டாள். ஆறு மணி நேரப் பயணத்தில் வாடாதவள், சாய்வு நாற்காலியில் பிற்பகல் மூன்று மணிக்கு வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். கையேட்டின் உபாயங்கள் வீட்டுக்குள் வேலை செய்யவில்லை. ஒரு நாள் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று, தான் யார், எதற்கு இங்கே இருக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தாள். முதல் பாதிதான் வந்தது. "யாரோட பேசற?" என்று அவர் கட்டிலிலிருந்து கேட்டார்.

அடுத்த வாரம் அவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கட்டுச் சீட்டை எடுத்தார். ஜெராக்ஸில் கெட்டுப்போன தாள்களை நாலாக வெட்டி, வெற்றுப் பக்கத்தில் இரண்டு மூன்று சொல் எழுதிய சீட்டுகள். மேலே கிளிப்.

"இதெல்லாம் என்ன?"

"எட்டு வருஷமா உனக்குச் சொல்லாத கெட்ட சேதி. நீ வந்தப்புறம் சொல்லலாம்னு எழுதி வெச்சேன். மறந்துடும்ல."

அறுபத்து மூன்று சீட்டு இருந்தது.

தினமும் பிற்பகல் ஒரு மணி நேரம். அவர் ஒரு சீட்டை எடுத்துப் படிப்பார், 'சுவர் – ஓதம்', 'வாடகைக்காரர் – வாய்த்தகராறு', பிறகு கதை. தங்கை கணவரோடு கோபித்துக்கொண்டு நாலு நாள் இங்கே வந்து இருந்துவிட்டுப் போனது. கடையில் ஒருவர் சட்டையைப் பிடித்தது. ஒரு தடவை படியில் மயங்கி விழுந்து, சைக்கிள் கடைக்காரர் தூக்கிக்கொண்டு வந்து விட்டது. எல்லாம் பழைய கெட்ட சேதிகள், பல்லெல்லாம் விழுந்துபோனவை. இப்போது சிரிக்க முடிந்தது. சிரித்தால் அவருக்கு இருமல் வந்தது.

மூன்றாம் நாள் பேட்டரி, "என்கிட்டயும் இருக்கு" என்றாள். சீட்டு இல்லை, எல்லாம் தலைக்குள். ஒரு லாட்ஜில் கதவுத் தாழ்ப்பாள் சரியில்லாமல் மேசையை நகர்த்திக் கதவுக்கு அண்டக்கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே விடியவைத்தது. ஒரு ஆஸ்பத்திரியில் துணி வைக்கிற அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது நிமிஷம் அழுதது. எதற்கு அழுதாள்? அது அவளுக்கே தெரியவில்லை. மாடிப்படியில் சறுக்கி, முழங்கால் கிழிந்து, ரத்தத்தின் மேல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு டெமோ காட்டியது.

"அன்னைக்கு நல்லா போச்சுன்னு சொன்னியே?"

"டெமோ நல்லா போச்சு."

"நீ?"

"என்னைப் பத்தி நீங்க கேக்கலையே."

லேமினேஷன் அதை யோசித்தார். "ஆமா" என்றார். "கேக்கலை. உனக்கென்ன, பேட்டரின்னு ஊரே சொல்லுது."

அந்த எட்டு வாரம் எப்படி இருந்தது என்று சொல்வது சிரமம். வலி இருந்தது, மருந்து வாசனை இருந்தது, பின்கட்டில் போய் அவள் அழுகிற அழுகை இருந்தது. ஆனாலும் இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசியது அந்த எட்டு வாரம்தான். நாத்தனார் ஒரு நாள் வாசலில் செருப்பை விடும்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டு, வந்தது தப்போ என்று சற்று நின்றாள்.

"எத்தனாவது சீட்டு அண்ணா?"

"நாப்பத்தெட்டு. உன்னைப் பத்தினது மூணு போயாச்சு, இன்னும் ரெண்டு இருக்கு."

"அடப்பாவி" என்றாள் தங்கை. பிறகு அழுதாள்.

அவர் அவசரப்படவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருந்தார். சில நாள் பேச முடியாமல் தள்ளிப்போயிற்று. "நாளைக்கு ரெண்டாச் சொல்லிடறேன்" என்பார். பேட்டரிக்கு ஒரு தடவை தோன்றியது, மீதியை ஒரே நாளில் கேட்டுவிடலாம் என்று. கேட்டால் அவர் என்ன அர்த்தம் பண்ணிக்கொள்வார் என்று பயந்து பேசாமல் இருந்தாள். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவரிடம் அதை எந்தச் சொல்லால் கேட்பது?

ஐம்பத்திரண்டாவது சீட்டுக்கு மறுநாள் காலை, டம்ளரை அவர் உதட்டுக்குப் பக்கத்தில் அவள் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவர் தண்ணீரை வாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனாள். கம்பெனியில் எல்லாரும் அவள் முன்னால் மெதுவாக நடந்தார்கள். முதல் பயணத்தில் கூட வந்த இன்ஜினியர், தேவைப்பட்டால் தான் பேசிச் சமாளித்துவிடலாம் என்று தயாராக நின்றான். தேவைப்படவில்லை. அவள் பஸ்ஸிலிருந்து இஸ்திரி கலையாமல் இறங்கினாள், குரல் கணீரென்று இருந்தது, நர்ஸ்கள் சிரித்தார்கள், ஆர்டர் கிடைத்தது. தன்னம்பிக்கை எங்கேயும் போய்விடவில்லை. அது போகாமல் இருந்ததுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. திரும்பி வருகிற வழியில் வாட்டர் பாட்டிலைத் திறக்கத் தெரியாதவள் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மீதிச் சீட்டு பதினொன்று. அவற்றைத் தேதி இல்லாமல், ஆனால் வரிசையாகவே அவர் வைத்திருந்தார். எல்லாம் கடைசி ஒரு வருடத்தைச் சேர்ந்தவை. ஊரில் இருக்கிற நாட்களில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு விசாரிக்கப் போனாள். 'சைக்கிள் கடை – மன்னிப்பு' என்பதை எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனாள்.

"மன்னிப்பா? அவர் என்கிட்டயா, நான் அவர்கிட்டயா?" என்றார் கடைக்காரர். "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எத்தனையோ தடவை கேட்டிருக்கோம்மா. எதைன்னு சொல்றது?" பிறகு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொல்லி, தனக்கு நினைவிருந்த எல்லாச் சண்டையையும் சொன்னார். அதில் எது அந்தச் சீட்டு என்று இருவராலும் முடிவு கட்ட முடியவில்லை.

'பச்சைக் கதவு' என்றது ஒன்று. அந்தத் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலும் பச்சைக் கதவே இல்லை. தங்கையைப் பற்றிய இரண்டையும் தங்கையே பார்த்ததும் கண்டுபிடித்தாள். ஒன்றை ஒப்புக்கொண்டாள், இன்னொன்றை, "இது நானில்லை அண்ணி, வேற யாரோ" என்று சொல்லிவிட்டு முகம் சிவந்தாள். மூன்று சீட்டு மருந்துக்கடைக்காரர் மூலமாகத் தெளிந்தது, அவை வலியைப் பற்றியவை. மற்றவை அப்படியே நின்றன.

கடைசிச் சீட்டை அவள் யாரிடமும் காட்டாமல் வெகு நாள் வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் துணி மடிக்க வந்தபோது எடுத்துக் கொடுத்தாள்.

அதில் 'நீ சொன்னது சரி' என்று இருந்தது.

"இது என்ன அண்ணி, நல்லாத்தான இருக்கு?"

"எதைன்னு தெரியலையே. போன வருஷம் நான் சொன்னதையெல்லாம் நினைச்சு நினைச்சு எழுதிப் பார்த்தேன். நாப்பத்தோரு விஷயம் வந்தது. கடை போர்டுக்குப் பெயின்ட் அடிங்கன்னதுலேந்து டாக்டரைப் பாருங்கன்னது வரைக்கும்."

"எதுவா இருந்தா என்ன? எங்கண்ணன் ஒருத்தர் சொன்னதைச் சரின்னு ஒத்துக்கறதே பெரிசு. வாயால சொல்லலை, எழுதியாவது வெச்சாரே."

பேட்டரி சீட்டைத் திரும்ப வாங்கி, கிளிப்பில் அது இருந்த இடத்திலேயே செருகினாள்.

"இது கெட்ட சேதிக் கட்டுல இருக்குடி" என்றாள். "நான் சொன்னது சரியாப் போனது அவருக்கு எப்படிக் கெட்ட சேதி ஆச்சு?"

நாத்தனார் மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள்.